காற்று நுழையும் வழி

எஞ்சின் எதனால் ஓடுகிறது என்று கேட்டால் பெட்ரோலால் என்றோ டீசலால் என்றோ உடனே பதில் வரும். நாம் விலை கொடுத்து வாங்குவது அதைத்தான் என்பதால் நினைவிலும் அதுவே தங்கிவிட்டது. எடை போட்டுப் பார்த்தால் கணக்கு வேறு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. விலையில்லாத காரணத்தால் அந்தக் காற்று யாருடைய கணக்கிலும் ஏறுவதில்லை.

கொல்லனுக்கு இது எப்போதும் தெரிந்திருந்தது. உலையில் கரியை அள்ளிக் கொட்டுவதால் மட்டும் இரும்பு பழுத்துவிடாது; துருத்தி ஊத வேண்டும். எஞ்சினிலும் இதுவே நிலை. எரிபொருளை வேண்டிய அளவு உள்ளே அனுப்புவது எளிது. அது திரவம், மெல்லிய குழாய் போதும். காற்றை உள்ளே அனுப்புவதுதான் பாடு. பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப வெளிக்காற்று தானாக நுழைகிறது. வெளியே உள்ள அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் நுழையும். வழியில் வடிகட்டியும் வளைவும் குறுகலும் எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் சிலிண்டருக்கு. ஆக, ஓர் எஞ்சினின் திறன் என்பது ஒரு நொடிக்கு எத்தனை கிராம் காற்றை அது உள்வாங்குகிறது என்ற கேள்வியில் போய் முடிகிறது.

எஞ்சின்களின் வரலாற்றை எரிபொருளின் வரலாறாகவும் உலோகங்களின் வரலாறாகவும் எழுதியிருக்கிறார்கள். காற்று நுழையும் வழியின் வரலாறாகவும் அதை எழுதலாம். அப்படி எழுத முற்பட்டால் மூன்று இடங்களில் நின்றாக வேண்டும்: ஒரு மலையுச்சி, ஒரு வளைவு, ஒரு துளை.

*

தொடக்கம் சுவிட்சர்லாந்தில். வின்டர்தூர் நகரில் 1879-ல் பிறந்த பொறியாளர் ஆல்ஃபிரெட் பூஹி 1905 நவம்பரில் ஒரு காப்புரிமையைப் பதிவு செய்தார். எரிபொருளில் உள்ள ஆற்றலில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெப்பமாக வீணாவது அவரை உறுத்தியது. வெளியேறும் அந்தச் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றினால் என்ன? அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அது வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும்படி செய்தால் என்ன? டர்போசார்ஜர் என்று இன்று நாம் அழைக்கும் கருவியின் முழுக் கருத்தும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது. எஞ்சின் தான் விட்ட மூச்சைக் கொண்டே அடுத்த மூச்சை இழுக்கிறது.

கருத்து எளிது, கருவி எளிதல்ல. கனன்று சிவக்கும் வெப்பத்தில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் சுழல வேண்டிய சக்கரத்துக்கு ஏற்ற உலோகம் அப்போது கிடையாது. பூஹி இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1920களின் நடுவில்தான் 'ப்ரோய்சன்', 'ஹன்ஸாஷ்டாட் டான்ஸிக்' என்ற இரு ஜெர்மன் பயணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவருடைய முறை பொருத்தப்பட்டது. 1,750 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் 2,500 குதிரைத்திறனை எட்டியது. சிலிண்டர் பெருக்கவில்லை, உள்ளே நுழைந்த காற்று பெருத்தது.

கப்பல் கடல் மட்டத்தில் ஓடுகிறது. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் உள்ள இடம் வானம். முதல் உலகப் போர் விமானங்களை மேலே மேலே துரத்தியபோது எல்லா நாடுகளும் ஒரே சுவரில் முட்டின. 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் பாதிதான். எஞ்சின் அதே எஞ்சின், எரிபொருள் அதே எரிபொருள். ஆனால் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். எதிரியைவிட உயரத்தில் பறப்பவனே பிழைப்பான் என்றிருந்த காலத்தில் இது வெறும் பொறியியல் சிக்கல் அல்ல. பிரான்சில் ஒகுஸ்ட் ரத்தோ போர்க்காலத்திலேயே புகையால் இயங்கும் அழுத்தியை விமான எஞ்சினில் பொருத்தி முயன்றார். அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு அந்தப் பணி சான்ஃபோர்டு மாஸ் என்பவரைத் தேடி வந்தது.

மாஸ் ஒரு விதத்தில் தோல்வியின் வழியாக அங்கே வந்து சேர்ந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1903-ல் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் எரிவாயுச் சுழலி. அந்த ஆய்வைத் தொடர்ந்து ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். சுழலி தரும் திறனைவிட அது தின்னும் எரிபொருள் மிகுதி என்று சில ஆண்டுகளில் தெரிந்துபோனது, திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சியது காற்றை அழுத்தும் சக்கரங்களைப் பற்றிய அனுபவம் மட்டுமே. 1917-ல் அமெரிக்க வான்பயண ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த வில்லியம் டுராண்ட், கார்னெலில் தம் மாணவராக இருந்த மாஸை நினைவுகூர்ந்தார். கைவிடப்பட்ட அறிவுக்கு வேலை வந்தது.

டர்போசார்ஜர் உயரத்தில் வேலை செய்யுமா என்பதை உயரத்தில்தான் சோதிக்க முடியும். விமானத்தில் ஏற்றி, பழுதானால் இறங்கிச் சரிசெய்வது நடவாத காரியம். எனவே மாஸும் குழுவினரும் எஞ்சினை மலைக்குக் கொண்டுபோனார்கள். 1918 செப்டம்பரில் கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் உச்சிக்கு, 14,109 அடி உயரத்துக்கு, லிபர்ட்டி வி-12 விமான எஞ்சின் ஒன்று டிரக்கில் ஏற்றப்பட்டு மலைப்பாதையில் ஊர்ந்து சென்றது. தரையில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் உச்சியில் 230 தந்தது. டர்போசார்ஜரை இணைத்ததும் 356. உலோகத்தில் எதுவும் மாறவில்லை. மலை பறித்துக்கொண்ட காற்று திரும்பக் கிடைத்தது, அவ்வளவே. இரண்டு மாதங்களில் போர் முடிந்துவிட்டதால் அந்தப் போரில் அது பயன்படவில்லை.

பயன்பட்டது 1920 பிப்ரவரி 27 அன்று. ஓஹையோவின் மெக்குக் ஃபீல்டிலிருந்து மேஜர் ருடால்ஃப் ஷ்ரோடர் மாஸின் டர்போசார்ஜர் பொருத்திய விமானத்தில் கிளம்பி 33,000 அடியைத் தாண்டினார். அன்றைய உலக சாதனை அது. ஆனால் அங்கே அவருக்கு ஆக்சிஜன் தடைப்பட்டது, நினைவிழந்தார். விமானம் மைல்கணக்கில் விழுந்தது. தரைக்குச் சில ஆயிரம் அடி உயரத்தில் நினைவு திரும்பி, குளிரில் உறைந்த கண்களோடு அவர் விமானத்தைத் தரையிறக்கினார். எஞ்சினுக்கு மூச்சு கிடைத்த உயரத்தில் மனிதனுக்கு அது கிடைக்கவில்லை. இயந்திரத்தின் எல்லையை நகர்த்தினால் அடுத்த எல்லை மனித உடல் என்பதை வானம் அன்று சொல்லிக் காட்டியது.

*

இரண்டாவது இடம் இங்கிலாந்தின் டார்பி நகரம், ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்கூடம். 1938 ஜனவரியில் ஸ்டான்லி ஹூக்கர் என்ற முப்பது வயதுக் கணிதவியலாளர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றவர். பட்டறை அனுபவம் இல்லாதவர். நேர்காணலில் தொழிற்கூடத் தலைவர் எர்னஸ்ட் ஹைவ்ஸ் அவரைப் பார்த்து, நீ ஒன்றும் பெரிய எஞ்சினியர் இல்லை போலிருக்கிறதே என்ற பொருளில் சொன்ன வாசகமே பிற்காலத்தில் ஹூக்கர் எழுதிய தன்வரலாற்றின் தலைப்பாயிற்று. அந்நூல் 1984-ல் வெளிவந்தது.

சேர்ந்தவருக்குக் குறிப்பிட்ட வேலை எதுவும் தரப்படவில்லை. மேசையும் நாற்காலியும் இருந்தன. சலிப்பில் கட்டடத்தைச் சுற்றி வந்தவர் சூப்பர்சார்ஜர் சோதனைப் பிரிவில் போய் நின்றார். சூப்பர்சார்ஜரும் டர்போசார்ஜரும் ஒரே நோக்கம் கொண்டவை. புகையால் சுழல்வதற்குப் பதிலாக எஞ்சினின் சொந்தத் தண்டிலிருந்து பல்சக்கரங்கள் வழியே சுழலும் அழுத்தியே சூப்பர்சார்ஜர். ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களை இயக்கிய மெர்லின் எஞ்சினில் இருந்தது இதுதான். அங்கே கிடந்த சோதனைப் பதிவுகளை வாங்கிவந்து ஹூக்கர் கணக்குப் போடத் தொடங்கினார்.

அவர் கண்ணில் பட்டது அழுத்தும் சக்கரம் மட்டுமல்ல, அதற்கு முன்னால் இருந்த குழாயும்தான். சூப்பர்சார்ஜர் எஞ்சினின் பின்புறம் இருந்தது. எஞ்சினின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்ததால் கார்புரேட்டரிலிருந்து சக்கரத்துக்குக் காற்று போகும் வளைவு நசுங்கியதுபோல் ஒடுக்கப்பட்டிருந்தது. வரைபடம் போடுகிறவருக்கு அது இடமில்லாத இடத்தில் ஓட வேண்டிய ஒரு குழாய். கணிதம் தெரிந்தவருக்கோ அது முழு எஞ்சினின் தொண்டை.

அழுத்திக்கு முன்னால் நேரும் இழப்பு ஏன் அத்தனை கொடியது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். அழுத்தி காற்றின் அழுத்தத்தை மூன்று மடங்காக்குகிறது என்று கொள்வோம். வாசலில் 1 இருந்தால் உள்ளே 3. வளைவும் குறுகலும் சேர்ந்து வாசலில் 0.1 பங்கைத் தின்றுவிட்டால் 0.9 மூன்று மடங்காகி 2.7 ஆகும். வெளியே இழந்தது 0.1, உள்ளே இழந்தது 0.3. அழுத்தி பெருக்குவது காற்றை மட்டுமல்ல; வாசலின் குறையையும் அதே மடங்கில் பெருக்குகிறது. அந்தக் குறையை ஈடுகட்டச் சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுழற்றலாம். சுழற்றினால் காற்று மேலும் சூடாகும். சூடான காற்று விரியும். ஒரே கொள்ளளவில் குறைந்த எடையே அடங்கும். 15 பாகை செல்சியஸில் உள்ள காற்றை மூன்று மடங்கு அழுத்தினால், இழப்பே இல்லாத இலட்சிய நிலையில்கூட அது ஏறக்குறைய 120 பாகைக்குச் சூடாகிவிடும். அழுத்தம் மூன்று மடங்கானாலும் அடர்த்தி 2.2 மடங்குதான் ஆகும். இது சூப்பர்சார்ஜருக்கும் டர்போசார்ஜருக்கும் பொதுவான விதி. இன்று சாலையில் ஓடும் டர்போ டீசல் வண்டியில் அடைத்துப்போன காற்று வடிகட்டி ஏன் இழுவையைக் கெடுக்கிறது என்பதற்கும் இதுவே விடை.

ஹூக்கர் தம் கணக்கை அறிக்கையாக எழுதி, அந்தத் துறையின் மூத்த வல்லுநர் ஜேம்ஸ் எல்லரிடம் கொடுத்தார். மெர்லினின் சூப்பர்சார்ஜர் எல்லரின் பொறுப்பில் உருவானது. அதாவது அறிக்கை குறை சொன்னது அவருடைய வேலையைத்தான். எல்லர் அதைப் படித்தார், சரி என்று கண்டார், சூப்பர்சார்ஜர் மேம்பாட்டுப் பொறுப்பையே அந்தப் புதியவரிடம் ஒப்படைத்தார். இந்தச் செய்கை எனக்கு மெர்லினைவிட வியப்பூட்டுகிறது. சிறிது தன்முனைப்பு குறுக்கே நின்றிருந்தால் அந்த அறிக்கை ஒரு மேசையின் இழுப்பறையில் உறங்கியிருக்கும்.

புதிய வளைவு வார்க்கப்பட்டது. சக்கரமும் அதைச் சுற்றியிருந்த காற்றுப் பாதையும் திருத்தப்பட்டன. முன்பு 16,000 அடியளவில் உச்சத்திறனைத் தொட்டுச் சரியத் தொடங்கிய எஞ்சின் இப்போது 19,000 அடிக்கு மேல் வரை அதைத் தாங்கிப் பிடித்தது. இந்த மாற்றங்களோடு வந்த மெர்லின் எக்ஸ்எக்ஸ் 1940-ல் ஹரிகேனிலும், மெர்லின் 45 அடுத்த ஆண்டு ஐந்தாம் வகை ஸ்பிட்ஃபயரிலும் ஏறின.

1941 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 வந்து அந்த ஸ்பிட்ஃபயரைப் பின்னுக்குத் தள்ளியது. கால்வாயின் மேல் பறந்த இளைஞர்கள் பலர் திரும்பவில்லை. அதற்கான மறுமொழி டார்பியில் ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் உயரப் பறக்கும் வகைக்காக ஹூக்கரின் குழு இரண்டு அழுத்தும் சக்கரங்களை அடுத்தடுத்து ஒரே தண்டில் கோத்திருந்தது. இரட்டை அழுத்தத்தில் கொதிக்கும் காற்றைச் சிலிண்டருக்கு முன் தணிக்க ஒரு குளிர்விப்பான். இதை ஸ்பிட்ஃபயரில் பொருத்தினால் என்ன என்று கேட்டவர், எஞ்சினியர் இல்லை போலிருக்கிறதே என்று நகைத்த அதே ஹைவ்ஸ். மெர்லின் 61 பொருத்திய ஒன்பதாம் வகை ஸ்பிட்ஃபயர் 1942 ஜூலையில் படையில் சேர்ந்தது. 30,000 அடியில் அதன் எஞ்சின் முந்தையதைவிட 300 குதிரைத்திறன் அதிகம் தந்தது. விமானம் மணிக்கு ஏறக்குறைய 70 மைல் கூடுதல் வேகத்தில் பறந்தது. சிலிண்டர்களின் கொள்ளளவு அதே 27 லிட்டர்தான்.

ரோல்ஸ்-ராய்ஸ் ஏன் மாஸின் வழியில் டர்போசார்ஜரை எடுத்துக்கொள்ளவில்லை? புகையைச் சக்கரம் சுழற்றப் பயன்படுத்தாமல் பின்னோக்கிப் பீய்ச்சினால் அதுவே விமானத்தை முன்னே தள்ளும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். மணிக்கு 300 மைல் வேகத்தில் அது 70 குதிரைத்திறனுக்குச் சமம். அமெரிக்கர்கள் மறுவழியில் நின்றார்கள். அவர்களுடைய பி-47 தண்டர்போல்ட் விமானத்தில் டர்போசார்ஜர் விமானியின் முதுகுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. முன்புறம் நுழைந்த காற்று குழாய் வழியே பின்னே ஓடி, அழுத்தப்பட்டு, குளிர்விக்கப்பட்டு, மீண்டும் முன்னே ஓடிவந்து எஞ்சினுக்குள் போயிற்று. அந்தப் பருத்த உடலைக் கண்டு சிரித்தவர்கள், காற்றுக் குழாய்களை முதலில் வரைந்து அவற்றைச் சுற்றி விமானத்தை வரைந்ததன் விளைவு அது என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

*

போருக்குப் பின் வானத்தை ஜெட் எஞ்சின் எடுத்துக்கொண்டது. ஹூக்கரும் அங்கேயே போனார். டர்போசார்ஜர் தரைக்கு இறங்கி லாரிகளிலும் கப்பல்களிலும், பிறகு கார்களிலும் குடியேறியது. 1977-ல் சில்வர்ஸ்டோனில் ரெனோ நிறுவனம் ஒன்றரை லிட்டர் டர்போ எஞ்சினோடு ஃபார்முலா ஒன்றில் நுழைந்தபோது, அடிக்கடி புகைந்து நின்ற அந்த வண்டியை மஞ்சள் தேநீர்க் கெண்டி என்று கேலி செய்தார்கள். 1979-ல் அது டிஜோனில் வென்றது. 1986-ல் அதே ஒன்றரை லிட்டரிலிருந்து தகுதிச் சுற்றுகளில் ஆயிரம் குதிரைத்திறனுக்கு மேல் பிழிந்தார்கள். காற்றுக்கு எல்லை இல்லை என்றானபோது திறனுக்கும் எல்லை இல்லாமல் போயிற்று.

விலையை ராலி பந்தயம் கொடுத்தது. மலைப்பாதைகளில், வேலியற்ற சாலையோரங்களில் மக்கள் நின்று பார்க்கும் பந்தயம் அது. 1986 மார்ச்சில் போர்ச்சுகலில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தனர். மே மாதம் கோர்சிகாவில் ஹென்ரி டொய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் எரிந்து மாண்டார்கள். கட்டற்ற திறன் கொண்ட 'குரூப் பி' வகை கார்கள் அடுத்த ஆண்டு முதல் தடை செய்யப்பட்டன.

அதன் பின் எழுந்த கேள்வி: திறனை எப்படிக் கட்டுப்படுத்துவது? எஞ்சினுக்குள் ஒளிந்து கிடக்கும் ஆயிரம் நுணுக்கங்களை எந்தக் கண்காணிப்பாளராலும் சோதித்துத் தீராது. விதி வகுத்தவர்கள் மாஸும் ஹூக்கரும் கண்ட அதே உண்மையைத் தலைகீழாகப் பிடித்தார்கள். டர்போசார்ஜரின் வாசலில் ஒரு வளையம். காற்று முழுவதும் அதன் துளை வழியேதான் நுழைய வேண்டும். 1995-ல் அந்தத் துளையின் விட்டம் 34 மில்லிமீட்டர். ஒரு நல்ல எலுமிச்சம்பழம் நுழையாது. துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அதன் பிறகு அழுத்தி எவ்வளவு ஆவேசமாக உறிஞ்சினாலும் கூடுதலாக ஒரு கிராம்கூட வராது. இது மனிதர் போட்ட சட்டமல்ல, இயற்கையின் சட்டம். அதனாலேயே அது நேர்மையான காவலாளி என்று கருதப்பட்டது. எஞ்சினுக்குள் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஏறத்தாழ 300 குதிரைத்திறனில் நின்றுவிடுவீர்கள்.

1995 அக்டோபரில், ஸ்பெயினின் கேட்டலூன்யா ராலியில், டொயோட்டா அணியின் கார்களில் அந்த வளையம் வேறுவிதமாக இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. காற்றுக் குழாயை மாட்டி அதன் பிடிவளையத்தை இறுக்கும்போது, உள்ளே இருந்த விறைப்பான சுருள்கள் விதிப்படியான வளையத்தைச் சுமார் 5 மில்லிமீட்டர் நகர்த்தின. அந்த இடைவெளி வழியே காற்று துளையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று. சோதிப்பதற்காகக் குழாயைக் கழற்றினால் வளையம் பழைய இடத்துக்கே திரும்பி, மாசற்ற 34 மில்லிமீட்டராக நின்றது. 25 விழுக்காடு கூடுதல் காற்று, 50 குதிரைத்திறன் வரை கூடுதல் திறன் என்று பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பு மதிப்பிட்டது. அதன் தலைவர் மாக்ஸ் மோஸ்லி, முப்பது ஆண்டுகளில் தாம் கண்ட கருவிகளிலேயே மிக நுட்பமானது என்று அதைப் பாராட்டியபடியே தண்டனையை அறிவித்தார். அந்த ஆண்டின் புள்ளிகள் பறிக்கப்பட்டன. பன்னிரண்டு மாதத் தடை. டொயோட்டா 1998-ல் முறையாகத் திரும்பி வந்து 1999-ல் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது.

துளை இன்றும் இருக்கிறது. 2017-ல் அதை 33-லிருந்து 36 மில்லிமீட்டராக்கியபோது கார்களின் திறன் 380 குதிரைத்திறனுக்கு உயர்ந்தது. மூன்று மில்லிமீட்டர் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

டார்பியின் வளைவையும் கேட்டலூன்யாவின் வளையத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டையும் செய்தவர்கள் அறிந்திருந்தது ஒன்றே: வாசலை ஒரு விரல் அகலம் திறந்தால் எஞ்சின் முழுவதும் மாறிவிடும். நுட்பத்தில் ஒன்று மற்றொன்றுக்குக் குறைந்ததல்ல. ஹூக்கரின் கணக்கு, அது யாருடைய வேலையைக் குறை சொன்னதோ அவர் மேசைக்கே போயிற்று. அவர் வரிவரியாகச் சரிபார்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. மற்றதோ யாரேனும் திறந்து பார்த்தால் மூடிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது.